வடமாலபேட்டைக் கிணற்றில் ஆறு கால்கள்

ரேடியேட்டர் கொதித்துப் பஸ் நின்றுவிட, டிரைவரோடு நானும் தண்ணீருக்குப் போகிறேன். கிணற்றைச் சுற்றி ஒரே கூட்டம். உள்ளே, தண்ணீருக்கு மேலே ஆறு கால்கள் மட்டும் தலைகீழாக நிற்கின்றன. விசில் ஊதியதும் எல்லாம் ஒன்றாக மடங்குகின்றன.

என்ன இது என்று கேட்கிறேன். தமிழ்த் தெருவுக்கும் தெலுங்குத் தெருவுக்கும் நீச்சல் போட்டி, இதோ ஒத்திகை முடிந்தது என்கிறார் விசிலோடு நிற்கும் டிரில் மாஸ்டர். கால்கள் ஒன்றுபோல் அசைய வேண்டும், தண்ணீர் தெறிக்கக் கூடாது. மூன்று நடுவர்கள் பத்துக்கு மார்க் போடுவார்கள். அதில் அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு, நடுவில் இருப்பதே மார்க். பரிசு, அதோ கட்டியிருக்கிற கிடா. தெருவுக்கு ஒரு நடுவர் தயார்; மூன்றாவது ஆள்தான் இல்லை.

"சாருக்கு எந்த ஊரு?"

"திருத்தணி."

"அட, உங்க ஊரு ஆந்திராவா மெட்ராஸான்னே இன்னும் முடிவாவலயே! உங்கள வுட்டா வேற ஜட்ஜ் ஏது? குந்துங்க சார்."

இரண்டு அணிகளும் நீந்தி முடிக்கின்றன. தமிழ் நடுவர் தம் அணிக்குப் பத்தும் எதிரணிக்குப் பூஜ்யமும் காட்டுகிறார். தெலுங்கு நடுவர் அப்படியே மாற்றிக் காட்டுகிறார். இரண்டும் கழிந்துபோக, கூட்டமே என் விரல்களைப் பார்க்கிறது. உயிரோடு பஸ் ஏறும் ஆசையில் இருவருக்கும் ஐந்து காட்டுகிறேன்.

"உங்க ஊரு இப்பிடியே நடுவுல தொங்கிக்கினு கெடக்கட்டும்!" என்று சபிக்கிறார் டிரில் மாஸ்டர்.

பிறகு இரண்டு தெருவும் இரண்டு பாஷையில் ஒரே மூச்சாகத் திட்டுகின்றன. ஓடிக்கொண்டே கவனிக்கிறேன். ஒரு குரல் முந்தவில்லை, ஒரு குரல் பிந்தவில்லை. இதற்குத் தாராளமாகப் பத்து போடலாம்.