தாழ்த்திக் கட்டிய கூரை

இளையபெருமாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அரியலூர் பேருந்து நிலையத்தில் பஸ்ஸின் நிறத்தையும் ஓட்டுநரின் முகத்தையும் அடையாளம் வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர். 2002 சித்திரையில் ஒரு நாள் மகள் சத்யாவையும் உடன் கூட்டிப் போயிருந்தார். ஊரிலுள்ள ஒன்றியப் பள்ளியில் அவள் அப்போதுதான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அன்று பழகிய பஸ் வரவில்லை.

"போர்டுல திருமானூர்னு போட்டிருக்கா பாரும்மா."

சத்யா எதிரில் நின்ற பஸ்ஸின் நெற்றியை வெகுநேரம் பார்த்தாள். "ஆமாப்பா."

அது ஜெயங்கொண்டம் போகிற பஸ். டிக்கெட் கேட்டு வந்த நடத்துநர் இருவரையும் வழியில் இறக்கிவிட்டார். தார் உருகும் வெயிலில் திரும்பி நடக்கும்போது, "ஏம்மா பொய் சொன்ன?" என்று கேட்டார்.

"தெரியலன்னு சொன்னா நீ வைவேன்னு."

அவர் வையவில்லை.

கீற்றுக் கூரை வேய்வது அவர் தொழில். திருமானூர் சாலையில் பத்துப் பதினைந்து ஊர்களில் அவர் கை படாத கூரை குறைவு. மகள் படித்த பள்ளிக்கு மட்டும் அவர் கை தேவைப்படவில்லை. அது புதிதாகக் கட்டிய கான்கிரீட் கட்டடம். இரண்டு கதவுகள், ஆறு ஜன்னல்கள், ஐந்து வகுப்புகள், ஓர் ஆசிரியை. இரண்டாவது பணியிடம் காலியாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. இருந்த சாந்தா டீச்சரும் பயிற்சி, கூட்டம், கணக்கெடுப்பு என்று வாரத்தில் இரண்டு நாளாவது வெளியே போய்விடுவார். அப்போது பிள்ளைகள் சத்துணவு வரும்வரை விளையாடுவார்கள், சாப்பிடுவார்கள், வீட்டுக்குப் போவார்கள்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சாலையோரம் வைத்திலிங்கம் ஓர் இங்கிலீஷ் பள்ளி நடத்திவந்தார். உரக்கடை வைத்திருந்தவர். அங்கே கட்டடம் கிடையாது, இரண்டு கீற்றுக் கொட்டகைகள்தான். ஆனால் வகுப்புக்கு ஓர் ஆள் இருந்தது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்களை வைத்து நடத்தினார். அந்தக் கொட்டகைகளை முதலில் வேய்ந்ததே இளையபெருமாள்தான். அந்தப் பழக்கத்தில் போய் நின்றார்.

வைத்திலிங்கம் நேரடியாகப் பேசினார். "உன்னால பீஸ் கட்ட முடியாதுய்யா. ஒண்ணு பண்ணு. வருசா வருசம் வைகாசியில ரெண்டு கொட்டாயையும் நீ வேஞ்சு குடுத்துடு. கீத்து, மூங்கி, கயிறு என்னோடது. உனக்குக் கூலி கிடையாது, புள்ளைக்கு பீஸ் கிடையாது. சரியா?"

வீட்டில் மனைவி பரிமளாவுக்கு இது பிடிக்கவில்லை. "அங்க மதியச் சோறாச்சும் போட்டாங்க. இதென்ன, கூரை மக்குற வரைக்கும் படிப்பா?"

"அதான் வருசா வருசம் மாத்துறமே."

கூட வேலை செய்யும் தங்கசாமி அன்று முழுக்க விடவில்லை. "மச்சான், இனிமே உன் மவ உன்னைய டாடிம்பா. நீ கூரை மோட்டு மேல உக்காந்துகிட்டு எஸ்ஸு எஸ்ஸுன்னு சொல்லணும். பழகிக்க."

சத்யா மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அந்த ஐப்பசியில் ஒழுகல் பார்க்கக் கொட்டகை மேல் ஏறியிருந்தபோது, கீழே யாரோ தமிழ்ப் பாடம் வாசிக்கும் சத்தம் கேட்டது. தட்டாமல், நிற்காமல், ஒரு பக்கம் முழுவதும். சத்யாவின் குரல். கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது என்று பின்னால், இதை எழுதுகிற என்னிடம் சொன்னார். அவர் வாழ்க்கையில் சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டது அதை ஒன்றைத்தான். அதனால் அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

மறுவருடம் வைகாசியில் வைத்திலிங்கம் புதிதாக ஒன்று சொன்னார். "போன மழையில சாரல் அடிச்சு நோட்டெல்லாம் ஊறிப்போச்சு. இதுங்க வேற ரோட்டுல போற சுண்ணாம்புக்கல் லாரிய எண்ணிக்கிட்டே உக்காந்திருக்குதுங்க. கூரையத் தாழ இறக்கிக் கட்டு. பின்னாடி வழியத் தட்டி வச்சு அடச்சுடு."

"பெரியவங்க குனிஞ்சுதான் உள்ள போவணும் சார்."

"குனியட்டும். பள்ளிக்கூடந்தான?"

இறக்கிக் கட்டினார். நான் அந்தக் கூரையைப் பார்த்திருக்கிறேன். ஒரு கீற்று பிசகாத வேலை. சாரல் உள்ளே வரவில்லை. நெஞ்சு உயரத்துக்குத் தொங்கிய கூரை விளிம்பைத் தாண்டி வெளிச்சமும் அதிகம் வரவில்லை. இதைப் பாராட்டாக எழுதவில்லை.

2004 ஆடி பிறந்த சமயம். காற்று கூரைகளைப் பிய்க்கிற மாதம் என்பதால் வேலை அதிகம். ஒரு வீட்டு மோட்டின் மேல் இருந்தபோது, டீ வாங்கப் போன தங்கசாமி வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"எறங்கு மச்சான். கும்மோணத்துல ஒரு பள்ளிக்கூடம் எரிஞ்சு போச்சாம். டீவியில காட்டுறான். புள்ளைங்க உள்ளாற இருந்திருக்கு."

"என்ன கூரை?"

தங்கசாமி அவர் காலடியில் இருந்த கீற்றைக் காட்டினார்.

இளையபெருமாள் சைக்கிளை எடுத்தார். கொட்டகையில் பாடம் நடந்துகொண்டிருந்தது. செய்தி இன்னும் அங்கே வந்திருக்கவில்லை. குனிந்து உள்ளே போனார். இருட்டுக்குக் கண் பழகச் சற்று நேரம் ஆனது. கடைசி பெஞ்சியில் இருந்த சத்யா ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா வேலை உடையில் வகுப்புக்குள் வந்தது அவளுக்குக் கூச்சம். அவர் அவளை அழைக்கவில்லை. அவள் இடத்திலிருந்து வாசல்வரை எத்தனை பெஞ்சி என்று பார்த்தார். ஒன்பது. வாசல் ஒன்று. பிறகு வெளியே வந்து பின்பக்கம் போய், தான் கட்டிய தட்டியின் கட்டுகளை அரிவாளால் வெட்டத் தொடங்கினார்.

சத்தம் கேட்டு வைத்திலிங்கம் ஓடிவந்தார். "என்னய்யா பண்ற?"

"வழி விடுறேன் சார்."

தெரிந்து செய்தது, தெரியாமல் செய்தது என்று மனிதர்கள் செய்கிறதை இரண்டாகப் பிரித்துவிடுவது எளிது. தெரிந்துகொள்ளாமல் இருக்கச் சம்மதிப்பது என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது; நம்மில் பெரும்பாலோர் அதில்தான் குடியிருக்கிறோம். கீற்று எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்று அந்த வட்டாரத்தில் இளையபெருமாளை விட அறிந்தவர் இல்லை. கூரை வேய்கிறபோது பீடியைக்கூடக் கீழே இறங்கித்தான் குடிப்பார். அதே ஆள் அறுபது பிள்ளைகளின் தலைக்கு மேல் அதைத் தாழ இறக்கிக் கட்டினார், அதில் தன் பிள்ளையும் ஒன்று. அவரை நல்ல தகப்பன் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அல்ல என்று சொல்ல அதைவிடத் தயக்கம்.

பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று சில நாட்களில் உத்தரவு வந்தது. பிரிக்கவும் அவரையே அழைத்தார்கள். தங்கசாமியும் அவரும் பொழுது சாய்வதற்குள் பிரித்துப் போட்டார்கள். வெறும் மூங்கில்களுக்குக் கீழே பெஞ்சிகள் வெயிலில் கிடந்தன.

"ஷீட்டு போடப்போறேன்," என்றார் வைத்திலிங்கம். "அதுக்கு ஆளு வேற. கீத்து இல்லன்னா நம்ம பேச்சும் இல்ல, பாரு. உன் புள்ளயப் போவச் சொல்லல. இனிமே பீஸ் கட்டிப் படிக்கட்டும்."

வருடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு, கட்டட நிதி தனி. ஒருநாள் கூலி எண்பது ரூபாய், அதுவும் வேலை இருந்தால். தீக்குப் பிறகு டீக்கடை, சைக்கிள் கடை, கல்யாணக் கொட்டகை என்று ஆளாளுக்குத் தகரத்துக்கும் ஷீட்டுக்கும் மாறத் தொடங்கியிருந்தார்கள். பரிமளா தான் முன்பு சொன்னதை நினைவுபடுத்தவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு இலகுவாக இருந்திருக்கும்.

ஆவணியில் சத்யாவை அழைத்துக்கொண்டு சாந்தா டீச்சரிடம் போனார். வைத்திலிங்கம் கையெழுத்திட்டுக் கொடுத்த தாளை டீச்சர் இரண்டு முறை படித்தார்.

"அந்த ஸ்கூலுக்கு அங்கீகாரமே இல்லைங்க. இந்தத் தாளு செல்லாது."

"அஞ்சாவது படிச்சுக்கிட்டிருந்துச்சுங்க டீச்சர். நல்லாப் படிக்கும். வேணும்னா வாசிக்கச் சொல்லிப் பாருங்க."

"அவ வாசிப்பா. என் ரிஜிஸ்டர்ல ரெண்டாவது பாஸுன்னுதான் இருக்கு. மூணாவதுலதான் உக்கார வைக்க முடியும். ஆபீஸுக்கு எழுதுறேன். உத்தரவு வந்தா ஏத்திடலாம்."

"வரலன்னா?"

டீச்சர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஏங்க என் பள்ளிக்கூடத்தவிட்டு அழைச்சுக்கிட்டுப் போனீங்க?"

அவர் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சொல்ல முடிந்த பதில் டீச்சரைக் குத்துகிற பதில். சாந்தா டீச்சர் கெட்டவர் இல்லை. ஐந்து வகுப்புகளுக்கு ஓர் ஆள். அவ்வளவுதான்.

ஒன்பது வயதுப் பெண் ஏழு வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தாள். பெஞ்சிக்குக் கீழே கால் நீட்டிப் பழகியவளின் முட்டி பக்கத்துப் பிள்ளையை இடித்தது. உத்தரவு புரட்டாசியில் வரவில்லை, ஐப்பசியிலும் வரவில்லை. இரண்டு முறை அரியலூருக்குப் போய்க் கேட்டார். இரண்டு முறையும் பஸ்ஸின் போர்டை சத்யாதான் வாசித்தாள், தப்பில்லாமல். அலுவலகத்தில் இருந்தவர் "பைல் மேல இருக்கு" என்றார்.

கார்த்திகையில் ஒரு நாள் வேலையில்லாமல் பள்ளிப் பக்கம் நடந்து போனார். உள்ளிருந்து சத்தம் வந்தது. டீச்சர் வந்திருக்கிறார் என்று நிம்மதியோடு எட்டிப் பார்த்தார். டீச்சர் இல்லை. கரும்பலகை முன்னால் சத்யா நின்றிருந்தாள், கையில் குச்சி. அவள் சொல்லச் சொல்ல முப்பது பிள்ளைகள் அனா, ஆவன்னா சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர் எங்கம்மா?"

"கூட்டம்ப்பா. நாளைக்கும் வர மாட்டாங்களாம். ஒண்ணாவது ரெண்டாவத என்னையப் பாத்துக்கச் சொன்னாங்க."

"உனக்கு யாரு சொல்லித் தர்றா?"

சத்யா யோசித்தாள். "எனக்கு இதெல்லாம் தெரியுமேப்பா."

வாசல் படியில் உட்கார்ந்தார். வேறு பெரியவர் யாரும் இல்லாத கட்டடத்தில் முப்பது பிள்ளைகளை விட்டுவிட்டு அவரால் எழுந்து போக முடியவில்லை. தலைக்கு மேல் கான்கிரீட். கதவுகள் இரண்டு, இரண்டும் திறந்திருந்தன. ஆள் இல்லை என்று பிள்ளையை இங்கிருந்து எடுத்தார். கூரை இல்லை என்று திரும்பக் கொண்டுவந்து விட்டார். இடையில் இரண்டு வருடம் எங்கே போனது என்று கேட்டால் காட்ட அவரிடம் ஒரு செல்லாத தாள்தான் இருந்தது.

நாலு மணிக்குப் பிள்ளைகள் கலைந்தார்கள். சத்யா பாவாடை முடிச்சிலிருந்து சாவியை எடுத்தாள்.

"டீச்சர் எங்கிட்டதான் குடுத்து வச்சிருக்காங்க."

இரண்டு கதவுகளையும் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

"சத்யா. உள்ளாற புள்ளைங்க இருக்கயில எதுக்காவயும் பூட்டிடாதம்மா."

"பூட்ட மாட்டேன்ப்பா."

"சத்தம் போடுதுங்கன்னுகூட."

"மாட்டேன்ப்பா."

அவள் முன்னால் நடந்தாள். அவர் பின்னால் நடந்தார். நாளைக்குத் தங்கசாமியோடு தூரத்து ஊரில் ஒரு வேலை, ஒப்புக்கொண்டாகிவிட்டது. வர முடியாது என்று சொல்லிவிட்டுப் பள்ளிப் படியில் வந்து உட்காரலாம் என்று நினைத்தார். நாளைக்கு அப்படிச் சொல்லலாம். மறுநாளைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.