அக்கா திரும்பி நின்று பாடிய பாட்டு

சோமனூரில் நாங்கள் நாலு பேரும் பகலில் தறி ஓட்டுவோம், சாயங்காலம் பம்பை அடிப்போம். தொண்ணூறுகளில் ஒரு வருஷம், சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடும் போத்தனூர் ஸ்டெல்லா அக்கா எங்கள் குழுவோடு சேர்ந்து பாட வந்தார். தறிக்குடோனில்தான் ஒத்திகை. பக்கத்தில் தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அக்கா எங்கள் எதிரே நின்று பாடுவார். ஓர் அடிகூடப் பிசகாமல் வாசித்தோம்.

பல்லடத்தில் மேடை ஏறினோம். அக்கா கூட்டத்தைப் பார்த்துப் பாட ஆரம்பித்தார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. பாட்டு எங்கே போகிறதென்றே புரியவில்லை. பக்கத்தில் பம்பையோடு நின்ற பழனியைப் பார்த்தேன். அவனும் திகைத்துப்போய் என்னையே பார்த்தான்.

தறிச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் நாங்கள். அக்காவின் பாட்டையும் இத்தனை நாளும் காதால் கேட்கவில்லை, கண்ணால்தான் பார்த்திருக்கிறோம் என்பது அங்கேதான் உறைத்தது. கை பம்பைமேல் அப்படியே நின்றுவிட்டது.

அக்கா திரும்பினார். “ஏனுங்க தம்பி, என்னாச்சுங்க?” என்று உதடு அசைந்தது.

“உங்க மொகம் தெரியலீங்க்கா. எங்களுக்குக் காது கேக்கறதில்லீங்க.”

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

அக்கா மைக்கை மோவாய்க்குக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, முழுப் பாட்டையும் எங்களைப் பார்த்தே பாடினார். கீழே யார் யாரோ கையை ஆட்டிக் கத்தினார்கள். என்ன கத்தினார்களோ, தெரியாது.

அந்தப் பாட்டின் ஒவ்வொரு வார்த்தையும் இன்றும் எனக்கு மனப்பாடம். மெட்டு எப்படி இருக்கும் என்றுதான் தெரியாது.