திரு இருதயப் படத்தின் மேல் ஒரு துண்டு

சிம்பாங் அம்பாட்டில் என் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கிறது. ஓரத்தில் நீலக் கோடு, நடுவில் எந்தச் சோப்புக்கும் அசையாத மஞ்சள் கறை. அதில் யாரையும் முகம் துடைக்க விடமாட்டேன். சனிக்கிழமை மதியம் பேய்ப்படம் பார்க்க உட்காரும்போது மட்டும் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். உண்மையில் அது தொங்க வேண்டிய இடம் சுவரில் இருக்கும் திரு இருதய ஆண்டவர் படத்தின் மேல். அங்கே போடத்தான் எனக்குக் கை வருவதில்லை.

துண்டு பெரியம்மாவுடையது. பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எனக்கு முதல் வேலை கிடைத்தபோது, அம்மாவின் அக்காவான அவருடைய ஃபிளாட்டில்தான் தங்கினேன். ஜார்ஜ்டவுனில் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், பெரியப்பா போன பிறகு தனியாக இருந்தார். எங்கள் பிளாக்கில் செபமாலை என்றால் அவர்தான் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும். கணீரென்ற குரல். அந்த இடத்தின் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை, அதை மறைக்கவும் தெரியாது. இப்படிப்பட்ட மனுஷிக்குப் பேய்ப்படப் பைத்தியம் இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சனிக்கிழமை சோறு தின்ற கையோடு திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, முதலில் துண்டால் ஆண்டவரை மூடுவார். பிறகுதான் படம். எந்தப் படம் வீட்டில் பார்க்கத் தகும் என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. "பேயி நம்ம வீட்டுல இல்லாத எடத்துலேருந்து வரணும் லா" என்பார். பரண், நிலவறை, கிணறு, காட்டு பங்களா எல்லாம் நல்ல படங்கள். லிஃப்ட், குளியலறை, கண்ணாடி அலமாரி வந்தால் அந்தப் படம் வீட்டுக்கு ஆகாது. "அப்பறம் பாத்ரூமுக்கு யாரு துணைக்கு வருவா? ஒங்க பெரியப்பாவா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். இன்றைக்கு இணையத்தில் வீட்டில் பார்க்க ஏற்ற திகில் படங்கள் என்று எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். இவ்வளவு உருப்படியான யோசனையை நான் எங்கும் படித்ததில்லை.

அந்த வருடம் மாதா சுரூபம் வீடு வீடாகச் செபத்துக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் முறை ஒரு சனிக்கிழமை மாலை. மதியம் சும்மாதானே இருக்கிறோம் என்று பெரியம்மா படத்தைப் போட்டார். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை மேலே வரும் நேரம், யாரோ கதவைத் தட்டினார்கள். "ஐயோ ஏசுவே!" என்று பெரியம்மா போட்ட சத்தத்தில் என் உயிரே போய் வந்தது. கதவைத் திறந்தால் வாசலில் செபக் கூட்டம். "மழை வர்ற மாதிரி இருக்கு, அதான் மாதாவ சீக்கிரமே தூக்கிட்டு வந்துட்டோம்" என்றபடி முன்னால் நுழைந்தார் மூன்றாம் மாடி டீச்சர்.

ரிமோட் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. நான் தரையில் படுத்துத் துழாவி அழுத்தியதில் படம் நின்றது, அணையவில்லை. தலைவிரி கோலமாக ஒரு முகம் திரை முழுக்க நிற்க, அதன் பக்கத்தில் மாதாவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். டீச்சர் சுவரைப் பார்த்தார். எட்டி, இரண்டு விரலால் துண்டை எடுத்தார். "யாரு வேல இது?"

பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் புள்ளதான் டீச்சர். ஃபேக்டரில யாரோ சொன்னாங்கன்னு இந்தப் படத்தப் போட்டு, சாமியவும் மூடிட்டா."

காது இரண்டும் தீயாகச் சுட்டது. ரிமோட்டை மறுபடி அழுத்தித் திரையை அணைத்தேன். அன்றைய செபமாலையில் பத்து மணி கொண்ட ஒரு சுற்று என் பெயரைச் சொல்லி, நான் நல்வழிப்பட வேண்டும் என்று ஒப்புக்கொடுக்கப்பட்டது. முன்னின்று சொன்னவர் பெரியம்மா. என் பெயர் வந்த இடத்தில் அந்தக் கணீர்க் குரல் உடைந்தது. அவமானம் எனக்கா அவருக்கா என்று தெரியாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் லிஃப்டில் யார் ஏறினாலும் எனக்குக் கூசும்.

மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அடுத்த சனிக்கிழமை படத்தைப் போட்டவர் துண்டை எடுக்கவில்லை. நான் கொண்டுபோய் நீட்டினேன்.

"வேணாம் புள்ள. சாமி பேயப் பாக்கக் கூடாதுன்னா மூடுனேன்? நான் பயந்து நடுங்கறத அவரு பாத்துறக் கூடாதுன்னுதான். ஊருக்கே செபம் சொல்றவளுக்குப் பயம்னா வெக்கமா இல்ல?" துண்டைத் தள்ளிவிட்டார். "பொய் சொன்னதையே பாத்துட்டாரு. இனிமே பயந்தா என்னா."

படம் முடியும்வரை என் கையை விடவில்லை. அடுத்த செபமாலைக்குத் தொண்டை சரியில்லை என்று டீச்சரையே முன்னால் உட்கார்ந்து செபம் சொல்லச் சொன்னார். அந்தத் தொண்டை பிறகு சரியாகவே இல்லை. வீட்டில் என்னைத் திட்டும்போது மட்டும் நன்றாக இருந்தது.

போன வருடம் பெரியம்மா போய்ச் சேர்ந்தார். அந்த ஃபிளாட்டிலேயே சவப்பெட்டி வைத்திருந்தோம். டீச்சர் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். செபம் முடிந்ததும் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீதானே அன்னிக்குப் பேய்ப்படம் போட்ட புள்ள? பாவம் ஒங்க பெரியம்மா, அதுக்கப்பறம் முன்னால வந்து ஒக்காரவே இல்ல. ஒன்னாலதான்."

எத்தனையோ வருடம் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் நாக்கு நுனிவரை வந்தது. பெட்டிக்குள் பெரியம்மா கையில் செபமாலை சுற்றிப் படுத்திருந்தார்.

"ஆமா டீச்சர், நான்தான்" என்றேன்.

காது அதே போலச் சுட்டது. அறையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிக்கு மேலே சுவரில் ஆண்டவர் படம் திறந்தே இருந்தது.

இன்றும் சனிக்கிழமை. படம் தேர்ந்தெடுத்தாயிற்று, பரணில் பேய் இருக்கும் படம். எங்கள் வீட்டில் பரண் கிடையாது. துண்டை எடுத்துக்கொண்டு சுவர்வரை போய் நின்றேன். பெரியம்மா சொன்ன பொய்யையும் பார்த்தவர், நான் சொன்ன பொய்யையும் பார்த்தவர். திரும்பி வந்து துண்டை மடியில் போட்டுக்கொண்டு படத்தை ஓடவிட்டேன்.