செடிக்கு வைத்த பேர்

காங்கேயத்துக்குத் தெற்கே, மாடு மேயும் கொறங்காடு ஒன்றில் அக்கா வெயிலில் குப்புறப் படுத்துக் கிடந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கல்லூரித் தாவரவியல் துறையில் எனக்கு மூத்தவர். எங்கள் எல்லோருக்கும் அக்கா. கல்லாங்காட்டு மேட்டில் பூத்திருந்த விரல் உயரச் செடியை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே, "மூச்சு உடாத கண்ணு, பூ ஆடுது" என்றார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஊதாப் பூ.

அது புதிய இனம்தான் என்று உறுதிப்படுத்தப் பல மழைக்காலம் ஆயிற்று. உலர்த்திய மாதிரிகளைப் பழைய சேகரிப்புகளோடு ஒப்பிட்டார், விதையை நுண்ணோக்கியில் பார்த்தார், சுற்றுவட்டாரக் காடுகளையெல்லாம் நடந்தே தேடினார். வேறெங்கும் அது இல்லை. அந்த நிலத்தின் சொந்தக்காரரான காட்டுக்காரர் நல்ல மனிதர். போகும்போதெல்லாம் "வாங்க அம்மணி, மோர் குடிச்சுப்போட்டு அப்புறம் செடியப் பாருங்க" என்பார். மேட்டுப் பக்கம் மாடு போகாமல் அவரே முள் வெட்டிப்போட்டு அடைத்தார்.

கட்டுரை வெளிவந்தது. அழிவின் விளிம்பில் அரிய செடி, அந்த நிலத்தை அரசு பாதுகாக்க வேண்டும் என்று ஒரு நாளிதழ் எழுதியது. அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. காட்டுக்காரர் போனில் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, எங்க காட்டை எடுத்துக்குவாங்களாமா?" அப்படியெல்லாம் இல்லை என்று அக்கா எவ்வளவோ சொன்னார். எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல ஊரில் ஆள் அதிகம். அடுத்த முறை நாங்கள் போனபோது மேடே இல்லை. ஜேசிபி வழித்துப்போட்ட செம்மண்ணை அக்கா கையால் துழாவினார். ஜேசிபியைக் கூப்பிட்ட காட்டுக்காரர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கோ போயிருந்தார்.

எடுத்து வைத்திருந்த விதைகள் தொட்டியில் முளைத்து, பூக்காமலே பட்டுப்போயின. நன்றிக்காக அந்தச் செடிக்கு அக்கா காட்டுக்காரர் பெயரையே வைத்திருந்தார். லத்தீன் வால் ஒட்டியிருந்ததால் ஊரில் யாரும் கவனிக்கவில்லை. முறைப்படி வெளியான பெயரைச் சூட்டியவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. நிலம் போய்விடும் என்ற பயம் எங்கள் வீட்டிலும் தெரிந்ததுதான். ஆனாலும் காட்டுக்காரரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன தையில் அவர் கோவை வந்தார், ஓய்வு பெற்றுவிட்ட அக்காவின் வீட்டைத் தேடி. நானும் அங்கே இருந்தேன். மகள் செல்போனில் காட்டினாளாம். "அந்தச் செடிக்கு என்ற பேரை வெச்சிருக்கீங்களாமா? நெசந்தானுங்களா?" என்றார். அக்கா தலையை மட்டும் அசைத்தார். காட்டுக்காரர் முகம் மலர்ந்துபோயிற்று.

"ஒரு செடி குடுத்தீங்கன்னா ஊட்டுக்கு முன்னால வெச்சுக்குவனுங்க அம்மணி."

அக்கா எழுந்து உள்ளே போனார். அவர் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. காபி நான்தான் கொடுத்தேன்.