அவர் தந்த பாரைத் தலை

இரண்டு வருடங்களுக்கு முன், முல்லைத்தீவுக் கடற்கரையோரம் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, முற்றத்தில் கதிரையைப் போட்டு அயலவர்களின் கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தவக்காலம் தொடங்கிய அன்று, "இந்த நாற்பது நாளும் எனக்குக் கஞ்சி மட்டும் காணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு வருடமும் சுருட்டை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாளே வேலிக்குப் பின்னால் நின்று புகைவிடுகிற ஆள் இவர்.

"கஞ்சியோ? நீங்களோ? ஒரு கிழமை தாங்குவியளோ பாப்பம்" என்றேன்.

ஆள் தாங்கினார். நாள் போகப் போக எனக்கே பெருமையாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வேறு, "வயசு போகத்தான் பக்தி வருது. உன்ர மனுசனுக்கு மோட்சம் நிச்சயம்" என்றார். அதையும் கோயிலில் நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன். சாரம் இடுப்பில் நிற்காமல் வழுக்கியதைக்கூட நோன்பின் மெலிவு என்றுதான் நினைத்தேன்.

உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்து வந்து, பெரிய பாரை மீன் ஒன்று வாங்கிக் குழம்பு வைத்தேன். எங்கள் வீட்டில் பாரைத் தலை இவருக்கு மட்டும்தான். கலியாணம் முடித்து நாற்பது வருடமாகியும் எனக்கு அதில் ஒரு கண்கூடத் தந்ததில்லை. ஒவ்வொரு எலும்பாக உறிஞ்சிச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் அடுக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் குழம்பு விடு" என்பார். அன்றைக்கு அந்தத் தலையைத் தூக்கி என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

"இந்தமுறை நீ தின்னு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. வயது போன பிறகு இந்த மனுசனுக்கு வந்த ஆசையைப் பார் என்று நினைத்துக்கொண்டு, ருசித்து ருசித்துத் தின்றேன். அவர் கஞ்சியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்துக் கிணற்றடிக்குப் போனேன். வேலியோரம் குனிந்து நின்று, குடித்த கஞ்சியைச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாகக் காலால் மணலை இழுத்து மூடினார். ஓடிப்போய் அவரின் தோளைப் பிடித்தேன்.

"எப்ப இருந்து இப்பிடி?"

"தவக்காலத்துக்கு முன்னமே. சோறு நெஞ்சுக்க நிக்குது. வயசு போனா இப்பிடித்தான் எண்டு விட்டிட்டன். உன்னை ஏன் பயப்படுத்துவான்?"

கத்தினேன், அழுதேன். அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய். பார்த்த டொக்டர் வயதில் சின்னப் பிள்ளைதான், பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, வயசு போகப் போக இந்த வருத்தம் வாறதுக்கான வாய்ப்புக் கூடும். ஆனா சாப்பாடு இறங்காட்டி வயசாலதான் எண்டு இருந்திடக்கூடாது. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்."

அதன் பிறகு எட்டு மாதம் இருந்தார். கடைசி நாட்களில் வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் ஆகாரம். அவருக்கு முன்னால் மீன் சமைக்க மனம் வராமல் நிறுத்திவிட்டேன். அவர்தான் கூப்பிட்டு, "நீ வை, மணமெண்டாலும் வரட்டும்" என்றார். குசினியில் குழம்பு கொதித்தால், படுத்த இடத்திலிருந்தே என்ன மீன் என்று சரியாகச் சொல்லுவார்.

இப்போது வயதான யாராவது, சாப்பாடு இறங்குதில்லை, வயசுதானே என்றால் நான் விடுவதில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை கூட்டிக்கொண்டு போய்விட்டுத்தான் மறுவேலை. கரைச்சல் பிடித்தவள் என்று பேசுகிறார்கள், பேசட்டும். பாரை வாங்கினால் தலையை மட்டும் மீன்காரரிடமே விட்டுவிட்டு வருகிறேன். ஒருநாள், ஒரேயொரு நாள், "அது என்ர" என்று சொல்லி என் கோப்பையிலிருந்து அதை அவர் பறித்துத் தின்னமாட்டாரா என்று இன்றும் மனம் ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறது.