ஒரு ஆளுக்கு ஒரு நூல்

இது நடந்தது. நம்புங்கள் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் தேதி, மணி, வண்டியின் உயரம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கிடக்கின்றன. பென்சில் எழுத்துதான். இன்றைக்கும் படிக்க முடிகிறது.

1954 ஆகஸ்ட் 16. திங்கட்கிழமை. காலையிலிருந்தே மழை.

பாறசாலையில் ரோட்டோரமாக நேசையனுக்கு ஓர் ஓலை ஷெட் இருந்தது. வண்டிகளை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அவன் தொழில். சக்கரத்துக்கு மேலே வில்லைப் போல வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். வண்டியின் கனத்தைத் தாங்குவது அவைதான். ஒரு பட்டை கூட்டினால் வண்டி உயரும். ஒன்றை உருவினால் தாழும். பெண்கள் ஏற வேண்டும், தாழ்த்து என்பார்கள் பஸ்காரர்கள். குழியில் இடிக்கிறது, உயர்த்து என்பார்கள் லாரிக்காரர்கள்.

அளப்பதற்கு ஒரு மூங்கில் கோல் வைத்திருந்தான். அதில் நூல் நூலாகக் கோடு கிழித்திருந்தான். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பழைய லாரி என்றால் ஒரு ஆள் ஏறினால் ஒரு நூல் தாழும். அது அவன் கண்டுவைத்திருந்த கணக்கு. தப்பியதே இல்லை. நோட்டில் தேதி, மணி, வண்டி, உயரம் என்று எழுதிவிட்டுக் கடைசியில் 'ஆள்' என்று ஒரு கட்டம் போட்டிருப்பான். அளக்கும்போது வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அதில் எழுத வேண்டும்.

ஒரு வழக்கமும் இருந்தது. அளப்பதற்கு முன் பின்பலகையில் மூன்று முறை தட்டி, "எறங்குங்க" என்பான். சுமை தூக்கும் சுமட்டுக்காரர்கள் உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தெரியாமல் அளந்தால் அளவு கெட்டுவிடும்.

அன்றைக்குத் தட்ட மறந்துவிட்டான்.

மறந்ததற்குக் காரணம் உண்டு. அவன் தூங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்த வருஷம் அது. தம்பி ஜெயதாஸ் புதன்கிழமை காலையில் தெற்கே ஊர்வலத்துக்குப் போனான். இருபத்திரண்டு வயது. நேசையனின் மனைவி சத்தியபாய் தைத்துக் கொடுத்த பச்சைக் கட்டம் போட்ட சட்டை. "வைகுந்நேரம் வாறேன் மைனி, மீன் வச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் வரவில்லை. அன்று தெற்கே ஊர்வலத்தின் மேல் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் யார் யார் என்று சரியாகச் சொல்ல ஆள் இல்லை. நேசையன் மூன்று ஊர் அலைந்தான். பிறகு அலையவும் கால் இல்லாமல் ஷெட்டில் உட்கார்ந்துவிட்டான்.

மணி 4.10. ஒரு லாரி வந்து நின்றது. கிருஷ்ணன்குட்டியின் தேங்காய்மட்டை லாரி. சித்திரையில் நேசையனே உயரம் வைத்துக் கொடுத்த வண்டி.

"நேசையா, பின்வசம் தாழ்ந்து இருந்துபோயி. ஒரு பட்டை கூட்டணும்."

"என்ன லோடு?"

"லோடு ஒண்ணுமில்லா. வெறும் வண்டியாணு."

கிருஷ்ணன்குட்டி கதை பேசுகிற ஆள். வந்தால் வாயை மூடவே மாட்டான். அன்று ஷெட்டுக்குள்கூட வரவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "சாயா குடிச்சிட்டு வரட்டே" என்று மழையிலேயே நடந்தான். எதிரே இருந்த சாயாக்கடையைத் தாண்டியும் நடந்துகொண்டே இருந்தான்.

நேசையன் கோலை வைத்து அளந்தான். சித்திரையில் வைத்த அளவைவிட ஐந்து நூல் குறைவு.

ஜாக்கி கொடுத்துப் பட்டைகளை இறக்கினான். ஒவ்வொன்றாகத் துடைத்துத் தட்டிப் பார்த்தான். விரிசல் இல்லை. வளைவும் குறையவில்லை. எல்லாம் நல்ல பட்டைகள். திருப்பி மாட்டினான். அதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

வேலை செய்யும்போதுதான் அந்த வாடை வந்தது. பினாயில். மட்டை ஏற்றுகிற லாரியை எதற்காகப் பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டும்? யோசிக்கவும் அலுப்பாக இருந்தது. விட்டுவிட்டான்.

6.20. ஜாக்கியை இறக்கினான். அளந்தான்.

அதே ஐந்து நூல்.

பட்டையில் குறை இல்லை. உள்ளே லோடும் இல்லை. பிறகு எது அமுக்குகிறது?

லாந்தர் விளக்கைத் தூக்கி உள்ளே பார்த்தான். ஈரப் பலகை. வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் தட்டவில்லை என்று நினைவு வந்தது. வெறும் வண்டியை எதற்குத் தட்ட? ஆனாலும் கை பழக்கத்தில் போயிற்று. மூன்று முறை தட்டினான்.

"எறங்குங்க."

மழைச் சத்தம். பிறகு...

க்ரீக்.

பட்டை நிமிரும்போது வருகிற சத்தம். இருபது வருஷமாகக் கேட்கிற சத்தம். கோல் வண்டியோடு ஒட்டியபடியே நின்றது. பார்த்தான்.

ஒரு நூல் உயர்ந்திருந்தது.

அடுத்து, பின்பலகைக்குக் கீழே சேற்றில் ஒரு சத்தம். சளப். யாரோ குதித்து இறங்கின மாதிரி.

யாரும் இல்லை.

6.41. ஷெட் கடிகாரத்தைப் பார்த்தான். ஏன் பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது.

க்ரீக். இன்னொரு நூல்.

சளப்.

க்ரீக்...

சளப்.

க்ரீக்...

சளப்.

நான்கு.

நேசையன் கோலைப் பிடித்தபடி நின்றான். ஓட நினைத்தான்.

ஷெட்டை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து சத்தியபாயின் குரல். "இஞ்சேருங்க, நாலு ஆளு மழையில நிக்காவ. கூப்பிட்டு உள்ள இருத்தப்பிடாதா? கஞ்சி உண்டு, நான் எடுக்கட்டா?"

நாலு ஆளு.

அவன் திரும்பவில்லை. "வேண்டாம். அவிய போவாவ."

"நல்ல மனுசனாக்கும் நீரு" என்று அவள் கதவைச் சாத்தினாள்.

கோலைப் பார்த்தான். இன்னும் ஒரு நூல் பாக்கி.

ஒருவர் இறங்கவில்லை.

ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்தது அந்த நிமிஷம் மேலே வந்தது. எதற்காக இந்த லாரியைக் கழுவினார்கள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பலகையில் கையை வைத்தான். பலகை சில்லென்று இருந்தது.

"மக்கா... ஜெயதாஸே..."

மழை.

"நீயா இருந்தா எறங்குலே. வீட்டுக்கு வந்தாச்சு."

காத்திருந்தான். 6.50 ஆயிற்று. 6.55.

பட்டை அசையவில்லை.

நேசையன் சேற்றில் உட்கார்ந்து அழுதான். பயத்தில் அல்ல. உள்ளே இருப்பது தம்பியாக இருந்தால் கூப்பிட்டதும் இறங்கியிருப்பான். அவன் சொன்னால் கேட்கிற பையன். அப்படியானால் உள்ளே இருப்பது வேறு யாரோ. தம்பி உயிரோடு இருக்கிறான்.

7.30க்குக் கிருஷ்ணன்குட்டி வந்தான். ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். லாரி போயிற்று, ஒரு நூல் தாழ்ந்தபடியே.

விடிந்ததும் முற்றத்தைப் பார்த்தான். சேற்றில் நான்கு ஜோடிக் கால் தடங்கள். எல்லாம் லாரி நின்ற இடத்தில், பக்கம் பக்கமாக. அங்கிருந்து வெளியே போன தடம் ஒன்றுகூட இல்லை.

புதன்கிழமை பகல் பதினொன்றுக்கு ஜெயதாஸ் வந்தான்.

மரச்சீனிக் கிழங்கு நட்ட விளைக்குள் புகுந்து, புறவாசல் வழியாக. பச்சைக் கட்டச் சட்டை தோளில் கிழிந்து, ரத்தம் காய்ந்து கிடந்தது. காதுக்கு மேல் ஒரு காயம், பெரிதில்லை. சத்தியபாய் முதலில் அலறினாள், பிறகு திட்டினாள், பிறகு கஞ்சி வைத்தாள்.

"எங்கலே கிடந்த இத்தனை நாளும்?"

"ரப்பர் தோட்டத்தில மைனி. வந்தா பிடிச்சிருவாவளோண்ணு பயம். அந்த மீனை என்ன செஞ்சீரு?"

"பூனைக்குப் போட்டேன். அதுக்காவது சொன்ன நேரத்துக்கு வாற புத்தி உண்டு."

அவன் சிரித்தான். பழைய சிரிப்புதான். தின்றான், பேசினான், மத்தியானம் முழுக்கக் கயிற்றுக்கட்டிலில் தூங்கினான். சாயங்காலம் கட்டிலை நிமிர்த்தி வைக்கும்போது சத்தியபாய் சொன்னாள். "நீ இதில படுத்தியா இல்லியாலே? கயிறு ஒரு பொட்டு தொய்யல்ல."

யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அலுப்பு அவ்வளவு இருந்தது. அன்று இரவுதான் நேசையன் தூங்கினான்.

அக்டோபர் 9, சனிக்கிழமை. கிருஷ்ணன்குட்டி ஷெட்டுக்கு வந்தான், லாரி இல்லாமல். மெலிந்திருந்தான்.

"வண்டியை வித்துட்டேன் நேசையா. ரெண்டு இடத்தில பட்டை கூட்டிப் பார்த்தேன். ஒரு நூல் எப்பவும் தாழ்ந்துதான் நிக்குது."

நேசையன் கோலை எடுத்துத் துடைத்தான்.

"அண்ணைக்கு உன்கிட்ட ஒரு காரியம் மறைச்சேன். அதுக்கு முந்தின புதன்கிழமை வண்டியில ஏத்தினது மட்டையில்ல. சுட்ட இடத்திலேருந்து ஆஸ்பத்திரிக்கு... அஞ்சு பேரு. கண்ணால எண்ணி ஏத்தினேன். அஞ்சும் மரிச்சதுதான். தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி."

"சரி."

"ஆஸ்பத்திரி வாசல்ல பலகையைத் திறந்தா நாலுதான். வழியில கண்ணாடியில கண்டேன் நேசையா. ஒருத்தன் எழும்பி இருந்தான். பின்ன குதிச்சு ரப்பர் தோட்டத்துக்குள்ள ஓடினான். இதுவரை ஒருத்தர்கிட்டயும் சொல்லல்ல."

நேசையன் கேட்க விரும்பவில்லை. வாய் கேட்டுவிட்டது.

"என்ன சட்டை?"

"பச்சை. கட்டம் போட்டது."

கிருஷ்ணன்குட்டி போன பிறகு நேசையன் நெடுநேரம் கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாலு பேர் இறங்கினார்கள். ஐந்தாவது இறங்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் இறங்கவில்லை. இறங்கித்தான் ஓடிவிட்டானே.

அப்படியானால் லாரியிலேயே தங்கிப்போனது என்ன?

ஷெட்டில் ஒரு ஜீப் நின்றது. ஜீப் லேசான வண்டி. ஒரு ஆள் ஏறினால் மூன்று நூல் தாழும்.

ஜெயதாஸ் பின்னாலிருந்து வந்தான். கையில் பொரித்த மரச்சீனி. ஜீப்பின் பின்பலகையில் ஒரு துள்ளலில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினான்.

சத்தம் வரவில்லை.

நேசையன் எழுந்து போய்க் கோலை வைத்தான். அளவைப் பார்த்தான்.

"எறங்குலே."

ஜெயதாஸ் இறங்கினான்.

மறுபடி பார்த்தான். ஒரு நூல்கூட மாறவில்லை.

"என்னண்ணா அளக்க?"

"ஒண்ணுமில்ல மக்கா. நீ தின்னு."

அதன் பிறகு ஜெயதாஸ் இருபத்தேழு வருஷம் இருந்தான். கல்யாணம் செய்தான். இரண்டு பெண் பிள்ளைகள். நல்ல மனிதன் என்று பெயர். அவன் பஸ்ஸிலோ வண்டியிலோ ஏறும்போதெல்லாம் நேசையன் வேறு பக்கம் பார்த்துக்கொள்வான்.

யாரிடமும் அவன் எதுவும் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் அன்றைய வரி இருக்கிறது. தேதி, 9.10.54. மணி, 5.25. வண்டி, ஜீப். உயரம் எழுதியிருக்கிறது.

'ஆள்' என்ற கட்டத்தில் 1 என்று எழுதி, அடித்திருக்கிறது. பக்கத்தில் 0 என்று எழுதி, அதையும் அடித்திருக்கிறது.