அவள் பையில் என் கப்பல் அட்டை

உல்லாசக் கப்பலில் போனபோது, இலங்கைத் துறைமுக நகரம் ஒன்றில் ஒரு பகல் இறங்கினோம். திரும்ப ஏறுவதற்கான என் அட்டையை, "நீ தொலைச்சிடுவடி, குடு" என்று தோழி ரேவதி தன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆரணிக்காரி இல்லையா நான்! கடைவீதியில் பட்டுப்புடவையைக் கண்டதும் கடைக்குள் நுழைந்து, மடிப்பைப் பிரித்துப் பின்பக்க நெசவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். "பாத்துகினு இரு, ஜல்தியா வந்துடறேன்" என்று போன ரேவதி வரவேயில்லை. என் செல்போன் அங்கே வேலை செய்யவில்லை. தேடி அலைந்து, துறைமுகத்துக்கு ஓடினேன். அட்டை இல்லாமல் உள்ளே விடவில்லை. கப்பல் சங்கு ஊதியது. அழுது கெஞ்சியதில், காவலர் கப்பலுக்குப் பேசி, பயணிகள் பதிவிலிருந்த என் படத்தைச் சரிபார்த்து, கடைசி ஆளாக அனுப்பினார்.

மேல்தளத்தில் ரேவதி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். "நீ முன்னாடியே ஏறிட்டன்னு நெனச்சிகினேன்டி!" என்றாள். என் அட்டை அப்போதும் அவள் தோள்பையில்தான் இருந்தது.

இப்போதெல்லாம் பக்கத்து ஊர் போளூருக்குப் பஸ்ஸில் போனாலும், என் டிக்கெட்டை நானே வைத்துக்கொள்கிறேன்.